தேர்தல் மிரட்டல்: ஆப் பார்க்காததை யார் பார்ப்பது?

2024 மக்களவைத் தேர்தல் அறிவித்து இரண்டே வாரத்தில், தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் ஆப்பில் நாடு முழுக்க 79,000-க்கும் மேல் புகார்கள் குவிந்தன. சட்டவிரோத பேனர், ஹோர்டிங் பற்றியவை மட்டுமே சுமார் 58,500. ஆயுதம் காட்டியது, மிரட்டியது பற்றியவை 535. அதாவது 100 புகாரில் ஒன்றுகூட இல்லை.

மிரட்டலே குறைவா, இல்லை யாரும் புகார் கொடுக்கலையா? இந்த எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. சிக்கலே அங்கேதான்.

ஆப் எப்படி வேலை செய்கிறது?

2018-ல் அறிமுகமான ஆப் இது. விதிமீறலை அந்த இடத்திலேயே போட்டோ, வீடியோ அல்லது ஆடியோவாகப் பதிவு செய்யணும். கேலரியில் இருந்து ஏற்ற முடியாது. ஜிபிஎஸ் மூலம் இடம் பதிவாகும், பறக்கும் படை வரும். 100 நிமிடத்துக்குள் நடவடிக்கை என்பது இலக்கு. பெயர் சொல்லாமலும் புகார் தரலாம்.

பேனருக்கு இது கச்சிதம். ஆனா, "நீங்க யாருக்குப் போடுவீங்கன்னு தெரியும்" என்று ஒருவர் வாசலில் நின்று சொல்வதை எப்படிப் பதிவு செய்வது? தாராவி, செம்பூர், மாட்டுங்கா மூன்றும் மும்பை தென்மத்திய மக்களவைத் தொகுதியில்தான் வருகின்றன. மாட்டுங்காவில் மாடி ஜன்னலில் இருந்து வீடியோ எடுத்துவிடலாம். ஒருவர் ஒதுங்கினால்தான் இன்னொருவர் போகமுடிகிற தாராவி சந்தில் போனைத் தூக்கினால், பெயரை மறைத்தும் பயனில்லை.

இலங்கை என்ன செய்தது?

1997-ல் சிவில் அமைப்புகள் சேர்ந்து தேர்தல் வன்முறைக் கண்காணிப்பு நிலையத்தைத் தொடங்கின. அதன் களப் பணியாளர்கள் நேரில் விசாரித்து, கொலை, தாக்குதல், மிரட்டல் என வகை பிரித்து, மாவட்ட வாரியாக வெளியிட்டார்கள். வீடியோ இல்லை என்பதால் ஒரு சம்பவம் கணக்கில் வராமல் போகாது.

மும்பையில் முன்மாதிரி உண்டா?

தேர்தலுக்காக உருவானதில்லை, ஆனா உண்டு. 1992-93 கலவரத்தில் 900 பேர் இறந்ததாக ஸ்ரீகிருஷ்ணா ஆணையம் பதிவு செய்தது. அதன் பிறகு காவல்துறையும் குடியிருப்போரும் ஒன்றாக உட்காரும் மொஹல்லா கமிட்டிகள் வந்தன. தாராவியில் பாவு கோர்டே, வக்கார் கான் என்ற இரு நண்பர்கள் செய்த அமைதிப் பணி 2003-ல் ஆவணப்படமாகவும் வந்தது. வதந்தி கிளம்பினால், இரண்டு பக்கமும் தெரிந்த ஒருவர் உடனே போய் விசாரிப்பார். கல் பறப்பதற்கு முன்னாடியே வேலை நடக்கும். ஆப்பால் முடியாதது இதுதான்.

நாம் என்ன செய்யலாம்?

பேனர், பணப் பட்டுவாடா என்றால் சி-விஜில் போதும். மிரட்டல் என்றால் பாதிக்கப்பட்டவரைத் தனியாக முன்னே தள்ளாதீர்கள். குடியிருப்புச் சங்கம் அல்லது பகுதிக் குழு வழியாக தேதி, நேரம், இடம் எழுதி, தேர்தல் அதிகாரியிடமோ ஆணையம் நியமிக்கும் பார்வையாளரிடமோ கொடுங்கள். 1950 உதவி எண்ணும் இருக்கு. இதையெல்லாம் வாக்குப்பதிவு நாள் வரை தள்ளிப்போடாமல், பிரசாரம் தொடங்கும்போதே பேசி வைத்துக்கொள்வது நல்லது.