பாலகாட் என்னும் பெயரும் பாரசீக உடைச்சொற்களும்

கோலார் தங்கவயலில் மைசூர், சாம்பியன் ரீஃப், ஊரிகம், நந்திதுர்க்கம் ஆகியவற்றுடன் சேர்த்து எண்ணப்பட்ட சுரங்கப் பகுதி பாலகாட் ஆகும். சுரங்கங்கள் 2001ஆம் ஆண்டு மூடப்பட்ட பின்னரும் இப்பெயர் நிலைத்துள்ளது. 'பாலா' என்னும் பாரசீகச் சொல் 'மேல்' எனப் பொருள்படும். 'காட்' என்பது மலைக்கணவாயைக் குறிக்கும் இந்தோ-ஆரியச் சொல்லாகும். பீஜப்பூர் சுல்தான்களின் ஆட்சியில் கோலார் உள்ளிட்ட மேட்டுநிலம் கருநாடக பாலகாட் எனவும், மலைக்குக் கீழுள்ள சமவெளி பாயின்காட் எனவும் பிரித்தறியப்பட்டன. ஆட்சிமொழியாக விளங்கிய பாரசீகம் நிலப்பெயர்களில் மட்டுமன்றி உடைப்பெயர்களிலும் தன் சுவட்டைப் பதித்துள்ளது.

கி.மு. 6, 5ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த பெர்சிபோலிசுப் புடைப்புச் சிற்பங்களில் இருவகை உடைகள் காணப்படுகின்றன. மடிப்புகள் மிக்க தளர்ந்த நீளங்கி ஒருவகை. மீடியர்க்குரிய மேற்சட்டையும் காற்சட்டையும் மற்றொரு வகை. பின்னது குதிரையேற்றத்திற்கு ஏற்றது. துணியை வெட்டித் தைத்தலே அதன் அடிப்படை. தமிழகத்திலோ வெட்டாத ஆடையைச் சுற்றியும் மடித்தும் உடுத்துவதே பெருவழக்கு. எனினும் தைத்த உடை பண்டைத் தமிழர் அறியாத ஒன்றன்று. யவனர் அணிந்த சட்டையை முல்லைப்பாட்டு 'மெய்ப்பை' என்னும் தூய தமிழ்ச்சொல்லால் குறிக்கின்றது.

தென்னாட்டில் மேலையாசிய உடை அரசவை வழியாகப் பரவியது. விசயநகர அவையினர் 'கபாயி' என்னும் நீளங்கியும் 'குல்லாயி' என்னும் உயர்ந்த தொப்பியும் அணிந்தனர். முன்னது 'கபா' என்னும் அரபுச் சொல்லினின்றும், பின்னது 'குலாஹ்' என்னும் பாரசீகச் சொல்லினின்றும் பிறந்தவை. 1443இல் விசயநகரம் வந்த தைமூரிய அரசின் தூதர் அப்துர் ரசாக், மன்னர் பட்டு நீளங்கி அணிந்திருந்ததைக் குறித்துள்ளார். 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த லேபாட்சி ஓவியங்களிலும், திருமலையிலுள்ள கிருஷ்ணதேவராயர் உலோகப் படிமத்திலும் இத்தொப்பியைக் காணலாம். கோயில் எடுப்பித்த மன்னர்களே இதனை அணிந்தமையால், இவ்வுடையை ஒரு சமயத்தார்க்கே உரியதாகக் கொள்வது வரலாற்றுக்குப் பொருந்தாது. அக்காலத்தில் அஃது அரசியல் மதிப்பின் அடையாளமாக இருந்தது.

இச்சொற்கள் தமிழில் ஒலியாலும் பொருளாலும் மாறின. 'குலாஹ்' குல்லாய் ஆயிற்று. பின் 'குல்லாய் போடுதல்' ஏமாற்றுதலைக் குறிக்கும் மரபுத்தொடராகவும் வளர்ந்தது. 'ரூமால்' என்பதற்கு முகம் துடைப்பது என்பது பொருள். ரகரம் தமிழில் மொழிக்கு முதலாகாமையின் உகரம் முன்சேர்ந்து உருமால் என வழங்கியது. கொங்குநாட்டில் அது தலையில் கட்டும் துணியாயிற்று. திருமணத்தில் உருமால் கட்டுதல் ஒரு சடங்காகவும் இடம்பெற்றது. பொன்னைக் குறிக்கும் 'சர்' என்னும் பாரசீக அடியோடு தொடர்புடையது சரிகை. கால், உடை ஆகியவற்றின் பெயர்கள் இணைந்தது பைஜாமா. 'ஷால்' என்பது சால்வை ஆயிற்று.

இவற்றை அயற்சொல் என்று மட்டும் குறித்து அகராதியில் ஒதுக்கின், அவை தமிழ் மண்ணில் பெற்ற பொருள் வளர்ச்சி மறைந்துபோகும். வேர்மூலத்தைக் காட்டுவதோடு, சொல் புகுந்த காலத்தையும் வட்டார வழக்கையும் சடங்குப் பயன்பாட்டையும் பதிவுசெய்தல் வேண்டும். தமிழறிஞர்க்குச் சால்வை போர்த்திச் சிறப்புச் செய்யும் மேடையில் அதனைப் பாரசீகச் சொல்லாக எவரும் கருதுவதில்லை.