பெற்றவரும் வளர்ப்பவரும்

உளுந்தூர்பேட்டைக்குப் பக்கத்திலுள்ள திருநாவலூர், சுந்தரர் பிறந்த ஊர். தெருவில் சிறுதேர் உருட்டி விளையாடிய அந்தக் குழந்தையைப் பார்த்த திருமுனைப்பாடி மன்னர் நரசிங்க முனையரையர், பெற்றோரிடம் கேட்டு வாங்கித் தம் பிள்ளையாக வளர்த்தார் என்கிறது பெரியபுராணம். அந்தக் கதையில் பலரும் கவனிக்காமல் கடந்துபோகும் செய்தி ஒன்று உண்டு. பிள்ளை வளர்ந்தது அரசச் செல்வத்தில்; பூணூலும் கல்வியும் பெற்றோரின் மரபுப்படி. பின்னால் பெண் கேட்டுப் புத்தூருக்குப் பெரியவர்களை அனுப்பியவரும் தந்தை சடையனார்தான். வளர்த்தவர் தம் வழக்கத்தைத் திணிக்கவில்லை, பெற்றவர்களும் கொடுத்தாயிற்று என்று ஒதுங்கிவிடவில்லை. சடையனார், தாய் இசைஞானியார், நரசிங்க முனையரையர் மூவருக்குமே 63 நாயன்மார்களில் இடம் உண்டு.

இன்று ஊர்ப்பிள்ளைகளை இப்படிப் பகிர்ந்து வளர்க்கும் இடம் பால்வாடி. 1975 அக்டோபர் 2-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின்கீழ் தமிழகத்தில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மையங்கள் இருக்கின்றன. கரும்பு வெட்டவும் களை எடுக்கவும் போகிற தாய்க்கு அதைவிட்டால் வேறு துணை இல்லை. ஆனால் பேச்செல்லாம் வாசலோடு சரி. “சொன்ன பேச்சு கேக்கலன்னா ரெண்டு போடுங்க டீச்சர்” என்று சொல்லிவிட்டு ஓடுகிறார் தாய். உள்ளே டீச்சர் பாட்டும் கதையுமாகப் பழக்கப் பார்க்கிறார். வீட்டில் செல்போனைக் காட்டினால்தான் வாய் திறக்கும் பிள்ளை, இங்கே மற்ற பிள்ளைகளோடு சம்மணம் போட்டு உட்கார்ந்து, முட்டையைத் தானே பிட்டுத் தின்கிறது. ராத்திரி சோற்றுக்கு மறுபடியும் செல்போன். மூன்று வயதுப் பிள்ளைக்கு இரண்டு சட்டம் என்றால் அது எதைத்தான் பழகும்?

டீச்சரும் தாயிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது ஏராளம். பிள்ளை எதற்குப் பயப்படும், எப்படித் தட்டிக்கொடுத்தால் தூங்கும் என்பதெல்லாம் வீட்டாருக்குத்தான் தெரியும். கேட்க அவருக்கு ஏது நேரம்? எடை பார்க்க வேண்டும், சத்துமாவு கொடுக்க வேண்டும், பதிவேடு எழுத வேண்டும். 2021 முதல் அந்த விவரங்களைப் போஷன் டிராக்கர் என்ற செயலியிலும் ஏற்ற வேண்டும். பெற்றோரிடம் பேசுவதையும் ஒரு வேலையாகக் கணக்கில் எடுத்து, அதற்கு நேரம் ஒதுக்கித் தர வேண்டியது அரசின் கடமை.

பெற்றோர்களே, பிள்ளையைக் கூப்பிடப் போகும்போது ஐந்து நிமிடம் உள்ளே உட்காருங்கள். சாப்பிட்டானா என்பதோடு நிறுத்தாமல், அடம்பிடித்தால் என்ன செய்கிறீர்கள் என்றும் டீச்சரிடம் கேளுங்கள். நல்லதென்று பட்டால் அன்று ராத்திரியே வீட்டிலும் அதைச் செய்து பாருங்கள்.