கோடைக்கு முன் வன்னியின் நீர்க்கணக்கு

மேலைநாட்டவர்க்கு மார்ச் மாதம் வசந்தத்தின் தொடக்கம். எமது மரபிலோ மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம். இளவேனில் சித்திரையிலேயே பிறக்கிறது. வன்னிப் பெருநிலப்பரப்பின் கமக்காரர்களுக்கு இவ்விரு மாதங்களும் உணர்த்துவது ஒன்றே: வானம் தரவேண்டியதைப் பெரும்பாலும் தந்துவிட்டது, இனி இருப்பதைக்கொண்டே ஐப்பசி வரை காலந்தள்ள வேண்டும்.

இதற்கான காரணம் எளிதானது. டிசம்பர் முதல் பெப்ரவரி வரையிலான வடகீழ்ப் பருவப்பெயர்ச்சி ஓய்ந்ததும், மார்ச், ஏப்ரல் மாதங்களில் முதலாவது இடைப்பருவப்பெயர்ச்சிக் காலம் வருகின்றது. வெயிலால் சூடேறிய தரையிலிருந்து எழும் ஈரக்காற்று, மாலை வேளைகளில் இடிமழையாகப் பொழிகிறது. இதனால் அதிக நன்மை பெறுவது தென்மேற்குப் பகுதியே. தீவின் பெரும்பாலான இடங்களுக்கு 100 முதல் 250 மில்லிமீற்றர் வரை கிடைக்கையில், யாழ். குடாநாட்டின் வடபகுதிக்கு 100 மில்லிமீற்றர்கூடக் கிட்டுவதில்லை. அதற்குத் தெற்கே அமைந்த வன்னியில் ஓர் ஊரில் மழை கொட்ட, அயலூர் காய்ந்து கிடப்பதும் உண்டு. ஏப்ரல் 5 முதல் 15 வரையான நாட்களில் சூரியன் இலங்கைக்கு நேர் மேலாக உச்சம் கொடுக்கிறது. மே மாதம் முதல் வீசும் தென்மேல் காற்றோ தன் ஈரத்தை மலையகத்தின் மேற்குச் சரிவுகளில் இறக்கிவிட்டு, வறண்ட சோளகமாக எம்மை வந்தடைந்து குளங்களின் நீரை உறிஞ்சுகிறது.

விதிவிலக்குகளும் உள்ளன. 2022 மார்ச் தொடக்கத்தில் வங்காள விரிகுடாவில் அக்காலத்துக்கு அரிதான ஆழ்ந்த தாழமுக்கம் உருவானது. 2023 பெப்ரவரி தொடக்கத்தில் ஒரு தாழமுக்கம் இலங்கையைக் கடந்து சென்றது. காலபோக அறுவடைக் காலத்தில் இத்தகைய மழை, வயலில் நிற்கும் கதிரையும் வீதியோரத்தில் உலரும் நெல்லையும் ஒருசேர அழிக்கவல்லது. எனவே வளிமண்டலவியல் திணைக்களத்தின் எதிர்வுகூறல்கள் மாவட்ட வாரியாக, தமிழில், உரிய வேளையில் கமக்காரர் அமைப்புகளைச் சென்றடைவது அவசியமாகும். ஈரநெல்லை உலர்த்தும் தளங்களும் களஞ்சியங்களும் வன்னியில் பெருகவேண்டும்.

எனினும் இப்போது எடுக்கப்படும் முடிவுகளுள் முதன்மையானது சிறுபோகம் பற்றியதே. முழுக் கொள்ளளவில் 36 அடி நீரைத் தாங்கும் இரணைமடு முதல், முத்தையன்கட்டு, வவுனிக்குளம், பாவற்குளம் வரை, எத்தனை ஏக்கருக்கு நீர் வழங்குவது என்பது பயிர்ச்செய்கைக் கூட்டங்களிலேயே தீர்மானிக்கப்படுகின்றது. வரக்கூடிய மழையை நம்பி ஏக்கரைக் கூட்டினால், கதிர் பறியும் வேளையில் வாய்க்கால் வற்றும். அப்போது நட்டமடைவோர் வாய்க்காலின் கடைசியிலுள்ள ஏழைக் கமக்காரர்களே. 2016 இன் இறுதியில் பருவமழை பொய்த்ததால் 2017 இல் வடபுலம் பட்ட துன்பத்தை நாம் மறக்கலாகாது. 2018 டிசம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கியபோது, அந்நீரில் பெரும்பகுதி கடலையே சேர்ந்தது. வெள்ளம் கண்ட ஆண்டிலும் கோடை வந்தே தீரும்.

குளத்து நீர் நெல்லுக்கு மட்டும் உரியதன்று. கால்நடைகளும் நன்னீர் மீனவரும் அதனையே நம்பியுள்ளனர். அயற்கிணறுகளின் ஊற்றும் அதிலேயே தங்கியுள்ளது. அண்மைய ஆண்டுகளில் ரமழான் நோன்பும் இம்மாதங்களிலேயே வருவதால், நீராவிப்பிட்டி, சாளம்பைக்குளம் போன்ற கிராமங்களில் குடிநீர்த் தேவை மேலும் கவனத்துக்குரியது. தமிழரும் முஸ்லிம்களும் ஒரே நிலத்தடி நீரையே பகிர்கின்றனர்; அது வற்றும்போது எவருக்கும் விலக்கில்லை.

ஆகவே குடிநீருக்கும் கால்நடைக்கும் உரிய அளவை முதலில் ஒதுக்கி, எஞ்சியதற்கேற்பவே சிறுபோக ஏக்கரை வரையறுக்க வேண்டும். நீர் போதாத வயல்களில் பயறு, உழுந்து, கௌபி போன்ற குறைந்த நீரில் விளையும் பயிர்களை ஊக்குவிப்பதோடு, அவற்றுக்கு நியாய விலையையும் அரசு உறுதிசெய்ய வேண்டும். விலைக்கு உறுதியில்லாமல் நெல்லைக் கைவிடுமாறு கமக்காரரிடம் கேட்பது நியாயமாகாது. குளத்தின் அளவுகோல் காட்டும் உண்மையை மதித்து, அதிகாரிகளும் மக்களும் இப்போதே ஒருமித்து முடிவெடுக்க வேண்டும் என்பதே எமது வேண்டுகோளாகும்.