பின்பக்கம் இல்லாத உறை

எல்பி இசைத்தட்டின் அட்டை உறை ஏறக்குறைய 31 சென்டிமீட்டர் சதுரம். அதே ஆல்பத்தின் படம் இன்று கைப்பேசியில், பாட்டுப் பட்டியலின் ஓரத்தில், ஒரு சென்டிமீட்டரைத் தாண்டுவதில்லை. பழைய உறை ஒன்றின்மேல் இந்தப் பொடிச் சதுரங்களை ஒட்டிக்கொண்டே போனால் தொள்ளாயிரத்துக்கு மேல் பிடிக்கும். அந்த நகக்கண் அளவு இடத்துக்குத்தான் இன்று உறை வரைகிறார்கள்.

இசைத்தட்டுக்கு ஒரு முகம் வேண்டும் என்று தோன்றியதே தாமதமாகத்தான். 78 ஆர்பிஎம் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிடம்தான் பதியும். ஒரு முழு சிம்பனிக்குப் பல தட்டுகள் வேண்டும். அவற்றைப் புகைப்பட ஆல்பம் போலச் சேர்த்துக் கட்டிய பைகளில் போட்டு விற்றார்கள்; ‘ஆல்பம்’ என்ற சொல் இசைக்கு வந்து ஒட்டிக்கொண்டது அப்படித்தான். மேலட்டை பெரும்பாலும் வெற்று அட்டை. 1939இல் அமெரிக்காவின் கொலம்பியா ரெக்கார்ட்ஸில் சேர்ந்த அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் என்ற இளைஞர், இதில் படம் போட்டால் என்ன என்று கேட்டார். மறு ஆண்டு ராட்ஜர்ஸ் - ஹார்ட் பாடல் தொகுப்புக்காக நியூயார்க் இம்பீரியல் தியேட்டரின் வாசல் விளக்குப் பலகையில் தொகுப்பின் பெயரை மாட்ட வைத்து, அதைப் படமெடுத்து அட்டையில் போட்டார். படம் போட்ட தட்டுகள் விற்றன. பிறகு எல்லோரும் போட்டார்கள்.

1948இல் எல்பி வந்ததும் ஓவியர்களுக்கு 31 சென்டிமீட்டர் மைதானம் கிடைத்தது. 1973இல் பிங்க் ஃபிளாய்டின் ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ உறையை வடிவமைத்த ஹிப்னோசிஸ் குழு, முன்பக்கத்தில் ஒரு எழுத்துகூட வைக்கவில்லை. கறுப்புப் பின்னணி, ஒரு முப்பட்டகம், பிரியும் ஒளி. கடையில் பெயரே இல்லாமல் ஒரு பொருளை நிற்கவைப்பது அன்று துணிச்சல். இன்றோ படத்தின் பக்கத்திலேயே பாட்டுச் செயலி ஆல்பத்தின் பெயரை எழுதிவிடுகிறது. உறையில் எழுத்து இருந்துதான் ஆகவேண்டும் என்ற கட்டாயமே இல்லை.

ஆனால் வேடிக்கை, ஸ்ட்ரீமிங் காலத்தில் அதிகம் பேசப்பட்ட உறைகளில் ஒன்று வெறும் எழுத்துதான். 2024 ஜூனில் வந்த, பாடகி சார்லி எக்ஸ்சிஎக்ஸின் ‘பிராட்’ ஆல்பம் அது. கண்ணைக் குத்தும் இளம்பச்சை, நடுவில் ஓரம் மங்கிய சாதாரண ஏரியல் எழுத்தில் தலைப்பு. பாடகியின் முகம் இல்லை. அவசரத்தில் செய்த வேலை போலத் தெரியும். ஆனால் ஒரு சென்டிமீட்டருக்குச் சுருக்கினாலும் அடையாளம் குலையாது. பட்டியலில் விரல் வேகமாகத் தள்ளும்போதும் அந்தப் பச்சை தப்பாது. யார் வேண்டுமானாலும் அதே பச்சையில் தன் பெயரை எழுதிக்கொள்ளலாம், எழுதினார்கள். அந்த ஜூலையில் கமலா ஹாரிஸின் தேர்தல் பிரசாரத்தின் சமூக ஊடகக் கணக்கே தன் முகப்பைப் பச்சையாக்கிக்கொண்டது. சார்லி இன்னொன்றும் செய்தார்: செயலிகளில் இருந்த தன் பழைய ஆல்பங்களின் உறைகளையும் அதே பாணிக்கு மாற்றினார். அச்சான அட்டையில் இது நடக்குமா? விற்ற தட்டையெல்லாம் வீடு வீடாகப் போய்த் திரும்ப வாங்க வேண்டும்.

இன்று உறை செய்பவர் பொதுவாக 3000 பிக்சலுக்கு 3000 பிக்சல் சதுரம் ஒன்றைக் கொடுக்கிறார். வரைந்ததும் அதைப் பொட்டளவுக்குச் சுருக்கிப் பார்ப்பது முதல் பரீட்சை. மெல்லிய கோடு மறையும், கூட்டமான முகங்கள் கூழாகும். கறுப்பு உறை, செயலியின் கறுப்புத் திரையில் கரை தெரியாமல் கரையும். இன்னொரு கணக்கும் உண்டு. ஸ்பாடிஃபை போன்ற செயலி, உறையிலிருந்து ஒரு நிறத்தை உருவி, பாட்டு ஓடும் திரை முழுக்கப் பூசுகிறது. ஆக, அந்தச் சதுரத்துக்கு நிறம் தேர்ந்தெடுப்பவர் மொத்தத் திரைக்கும் தேர்ந்தெடுக்கிறார். போதாததற்கு, திரையை நிறைத்து மூன்று முதல் எட்டு நொடி சுற்றிச் சுற்றி ஓடும் நெட்டுவாக்குக் காணொளியும் உண்டு. ஸ்பாடிஃபையில் அதற்குப் பெயர் ‘கேன்வாஸ்’. பாட்டைக் கேட்கவிடாமல் கண்ணை இழுப்பதைத் தவிர அதனால் என்ன லாபம் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

நம் ஊர்ப் பாட்டுகளுக்கு வேறு சிக்கல். சினிமாப் பாட்டுக்கு உறை, பெரும்பாலும் சினிமா போஸ்டர்தான். நெட்டுவாக்கில் செய்த போஸ்டரைச் சதுரத்துக்குள் அடைக்கும்போது கதாநாயகனின் கால் போகும்; கீழே இருக்கும் பெயர் வரிசை எறும்புச் சாரையாகும்.

முன்பக்கம் சுருங்கியதைப் பற்றித்தான் எல்லோரும் வருந்துகிறார்கள். எனக்கு வருத்தம் பின்பக்கத்தைப் பற்றி. 1967இல் பீட்டில்ஸின் ‘சார்ஜென்ட் பெப்பர்’ பின்னட்டையில் பாட்டு வரிகள் முழுக்க அச்சாயின. எல்பியின் பின்னட்டை இசையைப் பற்றிய கட்டுரைகளுக்கும் வாசித்தவர் பெயர்களுக்கும் இடம் கொடுத்தது. கேசட் காலத்தில்கூட மடித்த அட்டையை விரித்தால் எந்தப் பாட்டை யார் பாடினார், யார் எழுதினார் என்று பொடி எழுத்தில் இருக்கும். திரையில் இருக்கும் சதுரத்தைத் திருப்ப முடியாது. கிராமி விருதுக்காரர்களும் 2026 விழாவுக்கு ஆல்பம் உறைக்கென்று தனிப் பிரிவு தொடங்கி, முன்பக்கத்தை முழு உறைப்பொதிக்கான விருதிலிருந்து பிரித்துவிட்டார்கள்.

2018 முதல் ஸ்பாடிஃபையில் பாடலாசிரியர் பெயர் காட்டும் வசதி இருக்கிறது. பாட்டின் அருகே உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு, விரியும் பட்டியலில் கீழே போய்த் தேட வேண்டும். அதற்குள் அடுத்த பாட்டு ஆரம்பித்துவிடுகிறது.