சில்லுப் பூட்டிய வீடு விற்பனைக்கு

வீடு விற்பவருக்கு ஒரு வகைக் கவலை. மோட்டார் வண்டி விற்பவருக்கு வேறொரு வகைக் கவலை. இரண்டும் ஒன்றாய் அமைந்த பொருளை விற்க நேர்ந்தவரின் நிலையை என்னென்பது! படுக்கையும் அடுப்பும் கழிவறையும் தன்னகத்தே கொண்டு ஓடும் ‘மோட்டார்ஹோம்’ என்னும் வாகனம் நமது தெருக்களில் அபூர்வம். பிரித்தானியாவிலோ, உத்தியோகத்திலிருந்து இளைப்பாறியோர் பலர் தமது சேமிப்பை இதில் முடக்கி, ஸ்கொத்லாந்து மலைகளையும் கோர்ன்வால் கடற்கரையையும் சுற்றி வருகின்றனர். வீட்டுக்கு அடுத்தபடியாக அவர்களிடமுள்ள பெறுமதி வாய்ந்த பொருள் இதுவாகவே இருத்தல் கூடும். அதனைக் கைமாற்றும் நாளில் நேரும் பிழை ஆயிரக்கணக்கான பவுண்களை விழுங்கிவிடும்.

விற்கும் எண்ணம் சிலருக்கு 70 வயதளவில் உதிக்கின்றது. அதற்குக் காரணமுண்டு. 1997 ஜனவரி 1ஆம் திகதிக்கு முன்னர் மோட்டார்க்கார்ச் சோதனையில் சித்தியடைந்தோர் 7,500 கிலோ வரையுள்ள வாகனங்களைச் செலுத்தலாம். ஆனால் 70 வயதானதும் வைத்திய அத்தாட்சியின்றி அவ்வுரிமை நீடிப்பதில்லை. பின்னர் சித்தியடைந்தோருக்கோ பொதுவாக 3,500 கிலோவே எல்லை. ஆகவே அதனினும் பாரமான வண்டி எத்துணை அழகாயிருப்பினும், அதனை வாங்கக்கூடியோர் தொகை சுருங்கியதே. விலை குறிக்குமுன் கவனிக்கவேண்டியது இவ்வெண்ணாகும்.

வியாபாரியிடம் சென்றால் அவர் கூறும் விலை நெஞ்சைச் சுடும். உதாரணமாக, 30,000 பவுணுக்கு வாங்கிய வண்டியைச் சில நாட்களில் 36,000 பவுண் என்று எழுதித் தமது முற்றத்தில் நிறுத்தி விற்கின்றார் என வைத்துக்கொள்வோம். பகற்கொள்ளை என்றே எவருக்கும் தோன்றும். நாம் அவ்வாறு கருதவில்லை. அந்த 6,000 பவுணில் ஆறிலொரு பங்கு, அதாவது 1,000 பவுண், வற் வரியாக அரசாங்கத்தைச் சேரும். பழுது பார்த்தல், நிலவாடகை, சிப்பந்திகளின் சம்பளம் ஆகியன மீதியில் ஒரு பங்கை உண்ணும். இவை யாவற்றினும் பெரிய சுமை 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டத்தினால் வருவது. வண்டி குறையுடையதாயின், வாங்கியவர் 30 நாட்களுக்குள் அதனைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். முதல் 6 மாதத்தில் வெளிப்படும் குறை ஆரம்பத்திலேயே இருந்ததாகப் பொதுவாகக் கொள்ளப்படும். அல்லவென்று காட்டும் பொறுப்பு வியாபாரியுடையது.

தனியாளாக விற்பவருக்கு இச்சுமை இல்லை. அவர் கூறியவை உண்மையாயிருக்க வேண்டும். தவணைக் கடன் தீர்ந்து, விற்கும் உரிமை அவரிடமிருக்க வேண்டும். வண்டி தெருவில் ஓடத் தகுந்ததாயிருக்க வேண்டும். ஆகவே வியாபாரியிடம் விற்பவர் இழக்கும் தொகையில், பிற்காலத் தொல்லையை அவர் தலையில் ஏற்றியதற்கான கூலியும் அடங்கும்.

அத்தொல்லையில் முதன்மையானது எஞ்சின் அன்று, ஈரம். கூரைப் பொருத்துகளிலும் யன்னல் ஓரங்களிலும் கசியும் மழைநீர், உட்சுவரின் மரச்சட்டத்தை வெளியே தெரியாவண்ணம் உக்கச் செய்துவிடும். ஈரமானியை வைத்துப் பார்க்குமிடத்து நூற்றுக்கு 15 வரை கவலையில்லை; 20ஐத் தாண்டினால் நீர் புகுந்துள்ளதென ஐயுற வேண்டும்; 30ஐத் தாண்டினால் மரமே கெட்டிருத்தல் கூடும். கறையின்மேல் புதுத்தாள் ஒட்டி மறைப்போரும் உளர். வழக்குக்கு அத்திவாரம் இடுவதற்கு அதனினும் இலகுவான வழி வேறில்லை! ஆண்டுதோறும் செய்வித்த ஈரப் பரிசோதனை, காஸ் பரிசோதனைப் பத்திரங்களைக் கோவையாகக் கட்டி வைத்திருப்பவர், வசந்தகாலத்தில், 3,500 கிலோவுக்கு உட்பட்ட வண்டியைத் தாமே விற்பதுதான் இலாபமென்பது எமது அபிப்பிராயம். அறிமுகமற்றோர் வீட்டுக்கு வந்துபோவதை விரும்பாத முதிய தம்பதியருக்கும், சுவரின் நிலைபற்றி உறுதியில்லாதவருக்கும் வியாபாரியே மேல்.

இவ்விரண்டுக்கும் நடுவே மூன்றாவது பாதை ஒன்றுண்டு. வண்டியை வியாபாரியின் முற்றத்தில் நிறுத்தி, விற்றபின் கொமிஷனைக் கழித்துப் பணம் பெறுவது அது. கேட்க இனிமையானது, எமக்கு அச்சம் தருவதும் இதுவே. 1889ஆம் ஆண்டின் வணிக முகவர் சட்டப்படி, உரியவரின் சம்மதத்துடன் வண்டியைத் தம்மிடம் வைத்திருக்கும் வியாபாரி அதனைத் தமது வழக்கமான தொழில்முறையில் விற்க, நல்லெண்ணத்துடன் வாங்கியவர் அதற்கு உரித்தாளியாகிறார். வியாபாரி பணத்தைத் தராவிடினும் வண்டியை மீட்க முடியாது. அவர் முறிந்துபோனால், விற்ற பணம் தனிக்கணக்கில் காப்பாக வைக்கப்படாதவிடத்து, ஏனைய கடன்காரரோடு வரிசையில் நிற்பதே கதி. கையில் வரவேண்டிய ஆகக்குறைந்த தொகை எவ்வளவு, விற்று எத்தனை நாளில் அது வரும், எக்கணக்கில் இருக்கும், முற்றத்தில் நிற்கும்வரை காப்புறுதி யாருடையது, விரும்பின் திருப்பி எடுக்கலாமா என்பவற்றை எழுத்தில் தர மறுப்பவரிடம் திறப்பைக் கொடுக்கலாகாது.

தனியாக விற்பவர், பணம் வந்து சேர்ந்ததென்பதைத் தமது வங்கியிலேயே விசாரித்தறிய வேண்டும். வாங்குபவர் காட்டும் கைத்தொலைபேசித் திரை சாட்சியாகாது. பதிவுப் பத்திரத்தின் பச்சைத் துண்டை வாங்குபவரிடம் கொடுத்து, கைமாற்றத்தைச் சுவான்சியிலுள்ள வாகனப் பதிவு அலுவலகத்துக்கு அன்றே அறிவித்தல் வேண்டும். வியாபாரிக்கு விற்பின் மஞ்சள் துண்டை விற்பவர் தாமே எடுத்துக்கொள்ள வேண்டும். 2014 ஒக்டோபர் 1 முதல் தெருவரி வண்டியோடு செல்வதில்லையாதலால், வாங்கியவர் தாமே வரி செலுத்திய பின்னரே ஓட்டிச் செல்லலாம். எஞ்சிய முழு மாதங்களின் வரி விற்றவருக்குத் திரும்பும். காஸ் சிலிண்டர் பெரும்பாலும் கம்பனியின் சொத்து. அதனை விலையில் சேர்க்க வேண்டாம்.