கணினித் திரையில் நம்மட தமிழ்

இரத்மலானையில் நம்மட பிள்ளைகள் அநேகம் பேருக்கு வீட்டில் தமிழ், பாதையில் சிங்களம், கணினியில் ஆங்கிலம். "டீச்சர், கம்பியூட்டருக்குத் தமிழ் விளங்குமா?" என்று தரம் 6 பிள்ளை கேட்கிறது. விளங்கும். ஆனால் அதை எப்படி மாற்றுவது என்பது பெரியவர்கள் பலருக்கும் தெரியாது.

முதலில் மூன்று விடயங்களைப் பிரித்தறிய வேண்டும். ஒன்று எழுத்து. பாமினி எழுத்துருவில் அடித்த கடிதம், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிந்ததைப் பலரும் கண்டிருப்பீர்கள். அங்கே தமிழ் எழுத்து ஆங்கில எழுத்தின் இலக்கத்தை இரவல் வாங்கியிருந்தது. 1991இல் வெளிவந்த யூனிகோட், தமிழுக்கெனத் தனி இலக்கங்களை ஒதுக்கியது. இரண்டாவது விசைப்பலகை, அது நாம் எழுதுவதற்கு. மூன்றாவது காட்சி மொழி. அது கணினி நம்மோடு பேசும் மொழி. தமிழில் தட்டச்சுச் செய்யத் தெரியாதவரும் காட்சி மொழியைத் தமிழாக்கலாம்.

விண்டோஸ் 11 இல் 'செட்டிங்ஸ்' திறந்து, 'டைம் அண்ட் லாங்குவேஜ்', அதற்குள் 'லாங்குவேஜ் அண்ட் ரீஜன்' என்ற இடத்துக்குப் போங்கள். மொழியைச் சேர்க்கும் பொத்தானை அழுத்தித் 'தமிழ் (இந்தியா)' என்பதைத் தெரிவுசெய்து, காட்சி மொழியாக ஆக்குங்கள். மொழிப் பொதி இறங்க இணையம் வேண்டும். பிறகு கணக்கிலிருந்து வெளியேறி மீண்டும் நுழைய வேண்டும். திகதியும் ரூபாயும் தெரியும் முறை தனி அமைப்பு. அதை இலங்கைக்கே வைக்கலாம். சில கணினிகளில் 'சிங்கிள் லாங்குவேஜ்' பதிப்பு இருக்கும். அதில் இன்னொரு காட்சி மொழியைச் சேர்க்க இயலாது. வாங்கும்போதே கடைக்காரரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

மாற்றிய பின்னும் சில இடங்களில் ஆங்கிலம் தெரியும். அது பழுதல்ல. மென்பொருளில் திரைச் சொற்கள் தனியாக வைக்கப்பட்டிருக்கின்றன. ஒரு சொல்லுக்குத் தமிழ் இல்லாவிட்டால் ஆங்கிலச் சொல்லே வரும்.

"சேமி, நீக்கு என்று மரியாதையில்லாமல் இருக்கே" என்று சிலர் சொல்வதுண்டு. இலக்கணப்படி பார்த்தால் அது சரியான ஏவல். 'சேமி' என்பது நாம் கணினிக்கு இடும் கட்டளை. 'கடவுச்சொல்லை உள்ளிடவும்' என்பது கணினி நம்மிடம் கேட்பது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் வினை ஒரே வடிவம். தமிழிலோ யார் யாரை ஏவுகிறார் என்பது சொல்லிலேயே தெரிகிறது. பிள்ளைக்கு இது எவ்வளவு வசதி!

சொற்களில் குறையும் உண்டு. நாம் 'திகதி' என்போம், திரை 'தேதி' என்னும். இதைத் திருத்த வழியிருக்கிறது. லிபர் ஒபிஸ் போன்ற திறந்த மென்பொருள்களின் தமிழாக்கத்தில் தன்னார்வலர்கள் பங்களிக்கலாம். தமிழ் படித்த நம் ஆசிரியர்கள் அங்கே போகாவிட்டால், நம்மட சொற்கள் அங்கே வரப் போவதில்லை. 1882இல் சித்திலெப்பை 'முஸ்லிம் நேசன்' நடத்த முன்வந்ததால்தான் அச்சில் நம் சமூகத்துக்கென ஒரு தமிழ்க் குரல் கிடைத்தது. 1987இன் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆனால் வீட்டுக் கணினியின் மொழியை எந்தச் சட்டமும் மாற்றித் தராது.

"ஆங்கிலம் தெரியாமல் போய்விடுமே" என்ற பயமும் வேண்டாம். காட்சி மொழி ஒவ்வொரு பயனர் கணக்குக்கும் தனித்தனி. ஒரே கணினியில் வாப்பாவின் கணக்கு ஆங்கிலத்திலும் உம்மாவின் கணக்கு தமிழிலும் இருக்கலாம். பிள்ளைக்கு இரண்டையும் காட்டுங்கள்.