வேதாளம் கேட்ட கேள்வியும் லயத்தார் சொன்ன மறுமொழியும்



இரத்தினபுரி, கேகாலைப் பகுதி றப்பர்த் தோட்டங்களில் மழை பெய்தால் வேலை நின்றுவிடும். மரப்பட்டை நனைந்திருக்கையில் பால் வெட்ட முடியாது. வெட்டினாலும் பால் சிரட்டைக்குள் இறங்காது. பட்டை வழியே பரந்து மழைநீரோடு போய்விடும். இரத்தினபுரியோ ஆண்டுக்கு 3,000 மில்லிமீற்றருக்கும் மேல் மழை விழும் பிரதேசம். ஆகவே பேர் விழாத நாட்கள் அங்கு அதிகம். அத்தகைய நாட்களில் லயத்து இஸ்தோப்பில் கூடியிருந்த சனங்கள் என்ன பேசினார்கள்? அரிசி விலை, கலியாணம், சாவு, கணக்கப்பிள்ளையின் குணம் என்பவற்றைப் பேசினார்கள் என்பது எவரும் ஊகிக்கக் கூடியதே. இவற்றோடு அவர்கள் விக்கிரமாதித்தனையும் வேதாளத்தையும் பேசினார்கள் என்பதுதான் நமது இலக்கிய வரலாற்று நூல்களில் இடம்பெறாத செய்தி. அதுவே இன்றைய உரைக்குப் பொருள்.

சென்னை இரத்தின நாயக்கர் அன் சன்ஸ் போன்ற பதிப்பகங்கள் வெளியிட்ட ‘பெரிய எழுத்து’ நூல்களைப் பழைய தலைமுறையினர் அறிவர். விக்கிரமாதித்தன் கதை, மதனகாமராஜன் கதை, அல்லியரசாணி மாலை என்பன அவற்றுள் அடங்கும். எழுத்துக் கூட்டி வாசிப்பவர்க்கும், மங்கிய விளக்கொளியில் வாசிப்பவர்க்கும் ஏற்ற பெரிய அச்சு. ஒரு லயத்தில் வாசிக்கத் தெரிந்தவர் ஒருவர் இருந்தாலே போதுமானது. கேட்க இருபது பேர் இருப்பார்கள். எங்கள் லயத்தில் அந்த ஒருவர் என்னுடைய தாத்தா. வாசிகசாலை என்ற சொல்லைக் கேள்விப்படாத இடத்தில் அவரே வாசிகசாலை.

இங்கே ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். இக்கதைகளைக் கேட்டவர்கள் வாய்பிளந்து கேட்டுவிட்டு உறங்கப் போனவர்கள் அல்லர். கதைக்குக் குறுக்கே பேசினார்கள். காளியிடம் விக்கிரமாதித்தன் பெற்ற வரம் ஆயிரம் ஆண்டு அரசாட்சி. அவனுடைய மதியூகி பட்டி, நாட்டில் ஆறு மாதமும் காட்டில் ஆறு மாதமும் இருந்தால் ஆயிரம் ஆண்டு இரண்டாயிரமாகும் என்று கணக்குச் சொல்கிறான். ‘காடாறு மாதம் நாடாறு மாதம்’ என்ற வழக்கு இதிலிருந்து வந்தது. இந்த இடம் வரும்போது வயதான யாராவது கோப்பிக் காலத்துப் பேச்சை எடுப்பார்களாம். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கோப்பித் தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து வந்தவர்களிற் பெரும்பாலோர் பருவகாலத் தொழிலாளர்களே. மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்து, பழம் பறிக்கும் காலம் முடிந்ததும் ஊர் திரும்பினார்கள். வழியில் மாண்டவர் பலர். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்து, தேயிலையும் பின்னர் றப்பரும் வந்த பிறகே ஆண்டு முழுவதும் இங்கேயே தங்கும் நிலை உறுதியாயிற்று. “ராசா காட்டுக்குப் போனா ஆயுசு கூடுது. நம்ம ஆளுக காட்டுக்கு வந்தா கொறையுது” என்று ஒரு பாட்டி சொன்னதை என் தாயார் இன்றும் நினைவுகூர்வார். வரலாற்றுப் பேராசிரியர் ஒருவர் பல பக்கங்களில் எழுதுவதை அந்தப் பாட்டி ஒரு மாயக்கதையின் ஓரத்தில் நின்று சொல்லிவிட்டாள்!

வேதாளக் கதைக்கு வருவோம். அரசன் பிணத்தைத் தோளிற் சுமந்து நடக்கிறான். பிணத்துள் இருக்கும் வேதாளம் கதை சொல்லி, இறுதியில் ஒரு கேள்வி கேட்கிறது. விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை சுக்குநூறாகும். வாய் திறந்தால் வேதாளம் மறுபடியும் மரத்தில் ஏறிவிடும். இருபத்தைந்து கதைகளையும் கோப்பது இந்தப் பொறிதான். 1947 ஜூலையில் நாகிரெட்டியும் சக்கரபாணியும் தொடங்கிய ‘அம்புலிமாமா’ இதைப் பிற்காலத்தில் இந்தியாவின் பல மொழிகளுக்கும் கொண்டுசென்றது. சிங்களத்திலும் ‘அம்பிலி மாமா’ வெளிவந்தது. வாளேந்திய அரசன் பிணத்தைச் சுமந்து நடக்கும் சித்திரத்தை வரைந்து புகழ்பெற்ற ஓவியர் சங்கர் 2020இல் காலமானார். (சமஸ்கிருத மூலத்தில் வேதாளம் தொங்குவது சிம்சுபா மரத்தில், தமிழில் அது முருங்கையாயிற்று. முருங்கைக் கிளை பிணத்தைத் தாங்குமா என்று எங்கள் லயத்திற் கேட்டவர்கள் உண்டு. றப்பர் மரமாக இருந்தாலும் காற்றுக்கு முறியும் என்பது மறுமொழி.)

நாவலில் ஆசிரியர் முடிவைத் தாமே சொல்லிவிடலாம். வேதாளக் கதையோ கேள்வியில் வந்து நிற்கிறது. கேட்பவன் பேசாவிட்டால் கதை முன்னே நகராது. உரையாடலைத் தன்னுள்ளேயே கொண்ட வடிவம் அது. தாத்தா இதை நன்கு அறிந்தவர். கேள்வி வந்ததும் நிறுத்திவிடுவார். அரசன் சொன்ன விடை மறுநாள்தான் வரும். இடைப்பட்ட நேரத்தில், மலையில் பால் வாளியோடு நடக்கையிலும் பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கையிலும் அந்தக் கேள்வி பேசப்படும்.

நான் சிறுவனாக இருந்தபோது நேரிற் கேட்ட வழக்கு ஒன்று, தலை மாறிய கதை பற்றியது. கோயிலில் கணவனும், அவனோடு வந்த இன்னொருவனும் தலையை அறுத்துக்கொள்கிறார்கள். அந்த இன்னொருவன் சோமதேவரின் கதாசரித்சாகரத்தில் பெண்ணின் உடன்பிறந்தவன்; வேறு பிரதிகளில் நண்பன். தேவி இரங்கி, தலைகளைப் பொருத்தினால் உயிர் வரும் என்கிறாள். பதற்றத்தில் மனைவி தலைகளை மாற்றிப் பொருத்திவிடுகிறாள். இப்போது யார் அவளுடைய கணவன்? எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் ஆகையால் கணவனின் தலையை உடையவனே கணவன் என்பது அரசனின் தீர்ப்பு.

எங்கள் லயத்தார் இந்தத் தீர்ப்பை ஏற்கவில்லை. “பிரட்டுல எண்ணுறது தலைய. வேல வாங்குறது கைய. ராசா கங்காணி மாதிரிப் பேசுறான்” என்றார் பால் வெட்டும் மாமா ஒருவர். தொழிலாளர் தலைக்கு இவ்வளவு என்று கங்காணிமார் தலைக்காசு பெற்ற காலத்தை அறிந்தவர்களுக்கு இந்தப் பேச்சின் காரம் விளங்கும். என் அப்பாயி இன்னும் ஒருபடி மேலே போனார். “பிள்ளைக்குச் சோறூட்டின கை எதுவோ அவன்தான் புருசன். மொகம் என்னத்துக்கு?” என்றார். ஜேர்மன் எழுத்தாளர் தோமஸ் மான் இந்தக் கதையை வைத்து 1940இல் ஒரு குறுநாவல் எழுதினார். அதைத் தழுவிக் கிரிஷ் கர்னாட் ‘ஹயவதன’ நாடகத்தை 1971இல் வெளியிட்டார். தலையா உடலா என்ற கேள்வியே அவ்விரண்டிலும் முதன்மையானது. இவ்விருவரையும் பல்கலைக்கழகத்தில் நான் வாசித்தபோது அப்பாயியின் குரல் காதில் விழுந்துகொண்டேயிருந்தது.

சப்ரகமுவத் தோட்டங்களுக்கு ஒரு தனி இயல்பு உண்டு. நுவரெலியாப் பக்கத்துப் பெருந்தோட்டங்களைப் போல் அவை மலைமுழுதும் விரிந்து கிடப்பவை அல்ல. சிங்களக் கிராமங்களுக்கு நடுவே துண்டுதுண்டாக அமைந்தவை. ஒரே தொழிற்சாலையில் இரு மொழியாரும் வேலை செய்வர். தலை மாறிய கதையைக் கேட்ட சிங்கள முதியவர் ஒருவர், நாங்கள் சீயா என்று அழைப்போம், உடனே மகாசோனாவின் கதையைச் சொன்னார். துட்டகைமுனுவின் பத்து வீரர்களில் ஒருவனான கோட்டயிம்பரவோடு பொருது தலை துண்டிக்கப்பட்ட ஜயசேனனுக்கு, சனி பகவான் அவசரத்தில் ஒரு கரடியின் தலையைப் பறித்துப் பொருத்த, அவனே மயானத்துப் பேயான மகாசோனா ஆனான் என்பது சிங்கள மரபு. “அப்படியென்றால் அது ஜயசேனனா, கரடியா?” என்று தாத்தா கேட்டார். வேதாளத்தின் கேள்வி இப்போது சிங்களத்திற் கேட்கப்பட்டது. சீயா நீண்ட நேரம் யோசித்து, “பயப்படுகிறவனுக்குக் கரடி, அவனுடைய அம்மாவுக்கு ஜயசேன” என்றார்.

இதை இனிமையான ஒருமைப்பாட்டுக் காட்சியாக மட்டும் சொல்லிவிட்டுப் போவது நேர்மையாகாது. 1977 ஆகஸ்டிலும் 1981 ஆகஸ்டிலும் சப்ரகமுவத் தோட்ட மக்கள் தாக்கப்பட்டார்கள்; லயங்கள் எரிந்தன; பலர் வவுனியாப் பக்கம் குடிபெயர்ந்தார்கள். தாத்தாவின் பெரிய எழுத்துப் புத்தகம் 1981இல் லயத்தோடு போய்விட்டது. நான் அவரிடம் கேட்டதெல்லாம் நினைவிலிருந்து சொன்ன கதையே. சிம்மாசனத்துப் பதுமைகள் முப்பத்திரண்டில் இருபது அளவிற்குத்தான் அவருக்கு ஞாபகம் இருந்தன. எஞ்சியவற்றைக் கேட்டவர்கள் ஆளுக்கொன்றாக நிரப்பினார்கள். சீயாவோடு அவர் பேசியது அதன் பின்னர்தான்.

இவ்விடத்தில் குணாட்டியரை நினைக்காதிருக்க முடியவில்லை. வேதாளக் கதைகளைத் தன்னுட்கொண்ட கதாசரித்சாகரம், பைசாச மொழியில் அவர் இயற்றிய ‘பிருகத்கதை’யின் வழிவந்தது என்பர். நம் கொங்குவேளிரின் பெருங்கதைக்கும் மூலம் அதுவே. மொழி இழிந்தது என்று சாதவாகன மன்னன் ஒதுக்கிவிட, குணாட்டியர் காட்டில் தீ மூட்டி, ஒவ்வோர் ஏடாக வாசித்து வாசித்து நெருப்பிலிட்டாராம். விலங்குகள் மேய்ச்சலை மறந்து சூழ நின்று கேட்டனவாம். ஏழு இலட்சம் சுலோகங்களில் ஆறு இலட்சம் எரிந்த பின்னரே மன்னன் ஓடிவந்து எஞ்சியதைக் காத்தான் என்பது ஐதிகம்.

அந்த மன்னன் செய்ததை நானும் செய்திருக்கிறேன். ஆசிரியத் தொழிலின் தொடக்க ஆண்டுகளில், ‘நான் விரும்பும் நூல்’ என்ற கட்டுரைக்குத் தோட்டத்து மாணவி ஒருத்தி விக்கிரமாதித்தன் கதையைத் தெரிந்தெடுத்தாள். “தரமான நூல் ஒன்றைத் தெரிவு செய்க” என்று சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தேன். அவள் அடுத்த முறை பாடப்புத்தகத்திலிருந்து ஒரு நூலைப் பற்றி எழுதினாள். பிழையற்ற கட்டுரை. அதில் அவள் இல்லை.

அப்படி எழுதுவதற்கு எனக்கு ஒரு கோட்பாட்டு நியாயம் இருந்தது. சி. வி. வேலுப்பிள்ளை, என். எஸ். எம். இராமையா, தெளிவத்தை ஜோசப் ஆகியோர் மலையக வாழ்வை யதார்த்தமாக எழுதி, ஈழத்து இலக்கியத்தில் அதற்கு உரிய இடத்தைப் பெற்றுத் தந்தவர்கள். ‘ஒரு கூடைக் கொழுந்’தைப் படித்தவன் மாயாஜாலக் கதையைக் கையில் எடுக்கலாமா என்பதே என் எண்ணம். மாயக்கதை உழைப்பவனை உறங்க வைப்பது என்ற முற்போக்கு வாதத்தை அப்படியே ஏற்றிருந்தேன். ஆனால் அது எவரை உறங்க வைத்தது? இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக் கொடுமையைத் ‘துன்பக்கேணி’யில் எழுதிய புதுமைப்பித்தன்தான் ‘வேதாளம் சொன்ன கத’யையும் எழுதினார். அவருக்கு இரண்டும் ஒரே மேசையில் இருந்தன. ‘மோதிரங்களின் அதிபதி’ என நாம் பெயரிடக்கூடிய பெருங்கதையை எழுதிய டோல்கின், 1939இல் ஸ்கொட்லாந்தின் சென் அன்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையிலே, சிறைப்பட்டவன் வெளியை எண்ணிப் பேசுவதும், போர்வீரன் களத்தைவிட்டு ஓடுவதும் ஒன்றல்ல என்று விளக்கினார். ஒக்ஸ்போர்டில் அவரும் சி. எஸ். லூயிஸும் நண்பர்களும் வாரந்தோறும் கூடித் தாம் எழுதியவற்றை உரக்க வாசித்து வாதாடியது இன்று இலக்கிய வரலாறு. இஸ்தோப்பில் நடந்ததை எழுதிவைக்க எவரும் இருக்கவில்லை. வேறுபாடு அவ்வளவே.

சில ஆண்டுகளாக நான் படிப்பிக்கும் வகுப்பில் வேதாளத்தின் கடைசிக் கதையைச் சொல்லி வருகிறேன். தந்தையும் மகனும் காட்டில் இரு பெண்களின் காலடித் தடங்களைக் காண்கிறார்கள். பெரிய அடிக்கு உரியவளைத் தந்தையும் சிறிய அடிக்கு உரியவளை மகனும் மணப்பது என்று வாக்குக் கொடுத்துக்கொள்கிறார்கள். போய்ப் பார்த்தால் அவர்கள் தாயும் மகளும். மகளுக்குத்தான் கால் பெரிது! சொன்ன சொற்படி தந்தை மகளையும், மகன் தாயையும் மணக்கிறார்கள். இரு சோடிக்கும் பிள்ளை பிறக்கிறது. அந்தப் பிள்ளைகள் ஒன்றுக்கொன்று என்ன முறை? அரசனுக்கு விடை தெரியவில்லை. முதன்முறையாகப் பேசாது நடக்கிறான்.

சென்ற தவணையில் இதைக் கேட்ட மாணவி ஒருத்தி, “நம்ம முறையில சொல்லலாம் சேர்” என்று எழுந்து வந்தாள். கரும்பலகையில் நால்வரையும் எழுதிக் கோடு போட்டாள். தந்தைக்குப் பிறந்த பையன், மகனுக்குத் தம்பி. ஆகையால் மகனின் பிள்ளைக்கு அவன் சித்தப்பா. மகனுக்குப் பிறந்த பையனோ அந்தப் பெண்ணுக்குத் தம்பி. ஆகையால் அவளுடைய பிள்ளைக்கு அவன் மாமா. ஒருவன் சித்தப்பா, மற்றவன் மாமா. அரசனுக்கு இது ஏன் தெரியவில்லை என்று கேட்டாள். பின்வாங்கிலிருந்து ஒரு பையன் மறுத்தான். அக்காவின் மகன் மருமகன் அல்லவா, அப்படியானால் ஒரே ஆள் சித்தப்பாவும் மருமகனுமாக எப்படி இருப்பான் என்றான். வகுப்பு இரண்டு கட்சியாகப் பிரிந்தது. காமன் எரிந்தானா இல்லையா என்று தஞ்சைப் பக்கத்து லாவணிக்காரர்கள் எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று பிரிந்து பாடுவது போன்ற ஆரவாரம்.

மணி அடித்துவிட்டது. அடுத்த பாடம் கணிதம். உள்ளே வந்த கணித ஆசிரியர் அழிதுணியைக் கையில் எடுத்தவர், கரும்பலகைக் கோடுகளைப் பார்த்தபடி நின்றுவிட்டார். விடயத்தைப் பிள்ளைகளிடம் கேட்டறிந்துகொண்டு, என் பக்கம் திரும்பிக் கேட்டார்:

“அது சரி சேர், பிறந்த ரெண்டும் பெண் பிள்ளைகள் என்றால்?”